பக்கத்து வீட்டுத் தோட்டக் கட்டடத்துக்கு என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ்: 14ஆம் திகதிக்கு முதல் என்ன செய்யலாம்?

மதிலுக்கு_இந்தப்பக்கம் | 3 ஒக்டோபர் 2025

வணக்கம். இடம் வடமேற்கு லண்டன். பக்கத்து வீட்டு மாமாவுக்காகக் கேட்கிறேன். செப்டெம்பர் 9 அன்று கவுன்சில் ஆள் வந்து என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸை (அனுமதியின்றிச் செய்ததைச் சரிசெய்யச் சொல்லும் சட்டப்படியான கட்டளை) கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மாமா அதை லாச்சிக்குள் வைத்துவிட்டு நேற்றுத்தான் கொண்டுவந்து காட்டினார்.

பின் தோட்டத்தில் புளொக் கல்லில் கட்டிய தனிக் கட்டடம். வெளியளவு 6 மீட்டருக்கு 5 மீட்டர், தட்டைக் கூரை, வேலியில் இருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. உயரம் 2.9 மீட்டர் என்று நோட்டீஸ் சொல்கிறது. கட்டி முடித்தது 2019 ஓகஸ்ட். உள்ளே ஒரு சின்னக் குசினியும் ஷவரும் இருக்கின்றன, ஒரு பெடியன் வாடகைக்கு இருக்கிறான். பிளானிங் அனுமதிக்கு ஒருநாளும் விண்ணப்பம் போட்டதில்லை.

நோட்டீஸ் ஒக்டோபர் 14 நடைமுறைக்கு வருகிறதாம். அதிலிருந்து 6 மாதத்துக்குள் ஆள் குடியிருப்பதை நிறுத்தி, கட்டடத்தை இடித்து, கல் மண்ணையும் அள்ளிப் போட வேண்டுமாம். மாமாவோ "நாலு வருசம் தாண்டினால் கவுன்சிலாலை ஒண்டும் செய்யேலாது" என்று அசையாமல் இருக்கிறார். கவுன்சிலருக்கு ஒரு கடிதம் எழுதித் தா என்கிறார். எழுதினால் போதுமா?

---

பழைய_பிளானர்

போதாது. கவுன்சிலருக்கு எழுதுவதில் பாவமில்லை, ஆனால் அதனால் அந்த 14ஆம் திகதி ஒருநாள்கூட நகராது.

மாமா முதலில் செய்ய வேண்டியது அப்பீல். அது கவுன்சிலுக்குப் போவதில்லை, இப்படியான அப்பீல்களை விசாரிக்கும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்குப் போகிறது. நடைமுறைக்கு வரும் திகதிக்கு முன்பே போய்ச் சேர வேண்டும், அதாவது 13ஆம் திகதி முடிவதற்குள். 14ஆம் திகதி காலையில் போனாலும் எடுக்கமாட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தேன், வெளிநாடு போயிருந்தேன் என்றாலும் அந்தத் திகதியை நீட்டும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. 10ஆம் திகதிக்குள் இணையத்தில் அனுப்பி, வந்து சேர்ந்ததற்கான மின்னஞ்சலைச் சேமித்து வையுங்கள். அப்பீல் உரிய நேரத்தில் போய்விட்டால் முடிவு வரும்வரை நோட்டீஸ் நிறுத்தி வைக்கப்படும்.

கவுன்சில் அதிகாரி ஃபோனில் "பேசித் தீர்க்கலாம்" என்று சொன்னாலும் அப்பீலைப் போட்டுவிட்டே பேசுங்கள். நோட்டீஸைத் திரும்பப் பெறவோ தளர்த்தவோ கவுன்சிலுக்கு எப்போதும் அதிகாரம் உண்டு, 1990ஆம் ஆண்டு பிளானிங் சட்டத்தின் 173ஏ பிரிவு. அப்பீல் போடும் உரிமை 13ஆம் திகதியோடு முடிந்துவிடும்.

வீடு மாமா, மாமி இருவர் பேரிலும் இருந்தால் இருவரும் தனித்தனியே அப்பீல் போடுவது நல்லது. ஒருவரின் விண்ணப்பத்தில் ஏதும் கோளாறு வந்தாலும் மற்றது நிற்கும். கடன் பாக்கி இருந்தால் வங்கிக்கும் நோட்டீஸின் நகல் போயிருக்கும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

அடுத்ததைச் சொல்வதற்கு மூன்று விபரம் தேவை.

நோட்டீஸில் குற்றச்சாட்டு என்ற பகுதியில் உள்ள சொற்கள் சரியாக என்ன? "கட்டடம் கட்டியது" என்றா, "பயன்பாட்டை மாற்றியது" என்றா, இரண்டுமா? குசினி கட்டும்போதே போட்டதா, பிறகு போட்டதா? இதற்கு முன் கவுன்சிலில் இருந்து என்னென்ன கடிதம் வந்தது, மாமா என்ன பதில் சொன்னார்?

---

மதிலுக்கு_இந்தப்பக்கம்

லாச்சி முழுவதையும் கொட்டிப் பார்த்தோம்.

குற்றச்சாட்டில் இரண்டும் இருக்கிறது: அனுமதியின்றித் தோட்டத்தில் கட்டடம் எழுப்பியது, அதைத் தனிக் குடியிருப்பாகப் பயன்படுத்துவது. முதலில் களஞ்சிய அறையாகத்தான் கட்டினார். குசினியும் ஷவரும் 2020 ஜனவரியில் போட்டது, பிளம்பரின் பில் இருக்கிறது. முதல் ஆள் குடிவந்தது 2020 பெப்ரவரி. 2021 ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை ஆள் இல்லை, மகனின் தளபாடங்களைப் போட்டு வைத்திருந்தார். இப்போதைய பெடியன் 2021 நவம்பரில் வந்தான்.

இன்னொன்று. 2022 மே மாதம் உயரம் பற்றி யாரோ முறைப்பாடு செய்து, ஒரு அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "என்னத்துக்குப் பாவிக்கிறீர்கள்" என்று மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார். மாமாவின் மகன் "ஜிம்மும் ஸ்டோரும்" என்று பதில் போட்டிருக்கிறார். இந்த வருசம் ஜூனில் ஒரு கேள்விப் படிவம் வந்தது, பதிலே போகவில்லை.

---

மதில்மேல்பூனை

ஜூனிலை வந்தது பிளானிங் கொன்ட்ராவென்ஷன் நோட்டீஸா (விதிமீறல் பற்றிச் சட்டப்படி விபரம் கேக்கிற படிவம்) இருக்கும். 21 நாளுக்குள்ள பதில் குடுக்காட்டி அதுவே தனிக் குற்றம், பொய் சொன்னா அதைவிடப் பெரிய குற்றம். இப்ப பிந்திப் பதில் குடுக்கிறதெண்டாலும் அப்பீலிலை சொல்லப்போற கதையோடை ஒத்துப்போக வேணும்.

மாமா சொல்லுற நாலு வருசக் கதை பாதி சரி. இங்கிலாந்திலை 2024 ஏப்ரல் 25 இல இருந்து எல்லாத்துக்கும் 10 வருசம் ஆக்கிப்போட்டாங்கள். (வேல்ஸுக்கு இந்த மாத்தம் இல்லை.) ஆனா அந்தத் திகதிக்கு முதல் கட்டி முடிஞ்ச கட்டடத்துக்கும், அதுக்கு முதல் தனி வீடா மாறின பாவனைக்கும் பழைய 4 வருசக் கணக்குத்தான். அப்ப மாமாவுக்கு 4 வருசம் பொருந்தும். ஆனா எதுக்கு 4 வருசம் எண்டதிலைதான் சறுக்கிறார்.

கட்டடத்துக்கு ஒரு மணிக்கூடு, பாவனைக்கு இன்னொரு மணிக்கூடு. ரெண்டும் வேறை வேறை.

கட்டடம் 2019 ஓகஸ்ட். நோட்டீஸ் வெளியிட்டது 2025 செப்டெம்பர் 9. அதுக்கு 4 வருசம் முன்னால, அதாவது 2021 செப்டெம்பர் 9க்கு முதல் முடிஞ்சிட்டுது எண்டு காட்டினாப் போதும். 6 வருசம் ஆச்சு, சுகமா நிக்கும்.

பாவனைதான் வில்லங்கம். 4 வருசம் விடாமல் இருக்க வேணும். அந்த 4 வருசத்திலை எந்த நாள் கவுன்சில் வந்திருந்தாலும் "இஞ்சை ஆள் குடியிருக்கு" எண்டு நடவடிக்கை எடுக்கக்கூடியதா இருந்திருக்க வேணும். ஒரு ஆள் போய் மற்ற ஆள் வாறதுக்கிடையிலை ரெண்டு மூண்டு கிழமை வெறுமையா இருந்தா வாதாடலாம். ஏழு மாதம், அதுவும் தளபாடம் அடுக்கின ஸ்டோரா இருந்தா, மணிக்கூடு அங்கை நிண்டு போகும். திரும்ப 2021 நவம்பரிலை ஓடத் தொடங்கினா 4 வருசம் 2025 நவம்பரிலைதான் முடியும். நோட்டீஸ் வந்தது செப்டெம்பரிலை. ரெண்டே மாதம் காணாது.

---

கூரைக்கணக்கு

இரண்டு மாசத்துல போச்சா! அப்போ கவுன்சில் நோட்டீஸ்ல வேற ஏதாவது தப்பு இருக்கான்னு பார்க்கலாமே? பேர்ல எழுத்துப்பிழை, பிளான்ல இடத்தோட எல்லையைக் காட்டற சிவப்புக் கோடு தள்ளிப் போட்டிருக்கறது மாதிரி?

---

பழைய_பிளானர்

பலர் பணத்தை விடுவது இதில்தான். எழுத்துப்பிழை, தவறான வரைபடம் போன்றவற்றை யாருக்கும் அநீதி இல்லாத வரையில் அப்பீலை விசாரிக்கும் இன்ஸ்பெக்டரே திருத்திவிடலாம், 176ஆம் பிரிவு. என்ன தவறு, என்ன செய்ய வேண்டும், எப்போது நடைமுறைக்கு வரும் என்ற அடிப்படையே இல்லாவிட்டால்தான் நோட்டீஸ் செல்லாமல் போகும். இங்கே எல்லாம் இருக்கிறது.

பூனை சொன்னதில் இருந்து தொடர்கிறேன். அப்பீலுக்கு ஏழு காரணங்கள் உண்டு, ஏ முதல் ஜி வரை. மாமாவுக்குத் தேவையானவை டி, எஃப், ஜி. ஏ பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பி என்றால் அப்படி எதுவும் நடக்கவே இல்லை, சி என்றால் நடந்தது ஆனால் அது விதிமீறல் அல்ல. இரண்டும் இங்கே ஓடாது. நோட்டீஸ் கையிலேயே கிடைத்ததால் ஈ-யும் இல்லை. ஏழையும் டிக் அடித்து அனுப்புவது பயனில்லை, நியாயமற்ற முறையில் நடந்துகொண்டதாகச் சொல்லி எதிர்த்தரப்பின் செலவைக் கட்டச் சொல்லவும் வழிவிடும்.

டி, காலம் கடந்துவிட்டது. கட்டடத்துக்கு மட்டும் இதைச் சொல்லுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு மாமாவுடையது, ஆனால் தராசு சற்றுச் சாய்ந்தால் போதும், குற்ற வழக்கு மாதிரிச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. கூகுள் எர்த்தின் பழைய வான்படங்களில் 2019 ஓகஸ்டுக்குப் பின், 2021 செப்டெம்பருக்கு முன் எடுத்த ஒன்றில் கூரை தெரிந்தால் அதுவே பெரிய சாட்சி. புளொக், கூரைத் தாள் வாங்கிய பில்கள், வேலை செய்தவருக்குக் கொடுத்த காசின் வங்கிப் பதிவு, திகதியுள்ள குடும்பப் படங்கள், இவற்றோடு சொலிசிட்டர் முன் கையெழுத்திட்ட சத்தியக் கூற்று ஒன்று. பொதுப்படையாக "2019 அளவில்" என்று எழுதினால் எடுபடாது. மாதமும் வேலையும் குறித்து எழுத வேண்டும்.

குசினி எப்போது போட்டது என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஒருவர் களஞ்சியம் என்று அனுமதி வாங்கி உள்ளே முழு வீடு கட்டி நான்கு வருடம் வாழ்ந்தார். 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: தொடக்கத்திலேயே வீடாகக் கட்டியதில் "பயன்பாட்டு மாற்றம்" என்பதே நிகழவில்லை, எனவே அந்த 4 வருடச் சலுகையும் இல்லை. திட்டமிட்டு ஏமாற்றியவர் அதன் பலனை அனுபவிக்க முடியாது என்றும் சொன்னது. மாமா முதலில் களஞ்சியமாகக் கட்டி ஐந்து மாதம் அப்படியே வைத்திருந்தது அவருக்குப் பெரிய பலம். "குடியிருப்புக்காகவே எழுப்பிய கட்டடம், குடியிருப்போடு சேர்த்து அதையும் அகற்ற வேண்டும்" என்று கவுன்சில் வாதாடும். அதை உடைப்பது பிளம்பரின் அந்த 2020 ஜனவரி பில்தான். பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது அந்த "ஜிம்மும் ஸ்டோரும்" மின்னஞ்சல். குடியிருப்புக்குக் காலம் கடந்துவிட்டது என்று டி காரணத்தை நீட்டினால் கவுன்சில் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். அப்போது வாடகைக்கு ஆள் இருந்ததாக மாமா சொன்னால், 2022இல் பொய் சொன்னதை ஒப்புக்கொள்வதாகும். மின்னஞ்சல் உண்மை என்றால், 2022இல் குடியிருப்பே இல்லை என்றாகும். எந்தப் பக்கம் போனாலும் கதவு மூடியிருக்கிறது. மறைத்து வைத்ததாகக் காட்டிவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தனி உத்தரவு வாங்கிக் காலக்கெடு முடிந்த பிறகும் நடவடிக்கை எடுக்கக் கவுன்சிலுக்கு வழி இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு மாதம் குறைகிற ஒன்றுக்காக அந்தப் புற்றில் கைவிட வேண்டாம்.

குடியிருப்பை விட்டுக்கொடுங்கள், கட்டடத்தைக் காப்பாற்றுங்கள்.

எஃப், கேட்பது தேவைக்கு மிஞ்சியது. டி ஒருவேளை தோற்றாலும், முழுவதையும் இடிக்காமல் குசினியையும் ஷவரையும் கழற்றி, உயரத்தை அனுமதியில்லாமலே கட்டக்கூடிய அளவுக்குக் குறைத்தால் போதும் என்று கேட்பது. இதற்கு அளவோடு ஒரு வரைபடம் கொடுத்தால்தான் இன்ஸ்பெக்டர் அதை நோட்டீஸில் எழுத முடியும்.

ஜி, அவகாசம் போதாது. குடியிருப்பவனைச் சட்டப்படி வெளியேற்ற எடுக்கும் காலத்தைக் கணக்குக் காட்டி 6 மாதத்தை 12 ஆக்கக் கேளுங்கள்.

ஏ, அனுமதியே கொடுங்கள் என்று கேட்பது. கட்டணம் சாதாரண விண்ணப்பத்தைப் போல இரண்டு மடங்கு. இதே கட்டடத்துக்கு அண்மையில் விண்ணப்பம் போட்டிருந்தால் இந்தக் கதவு மூடியிருக்கக்கூடும். மாமா ஒருநாளும் போடாததால் திறந்திருக்கிறது. குடியிருப்பாக அனுமதி கேட்பது வீண்: ஒருவர் வாழும் வீட்டுக்குக் குறைந்தது 37 சதுர மீட்டர் என்பது தேசிய அளவுகோல், இதன் உள்ளளவு 26கூட வராது. வீட்டோடு சேர்ந்த களஞ்சியமாகக் கட்டடத்தை வைத்திருக்க மட்டும் ஏ-யில் கேட்கலாம். ஏ இல்லாவிட்டால் கட்டடம் பார்வைக்கு எப்படி, பக்கத்து வீட்டுக்கு இடைஞ்சலா என்பவற்றை இன்ஸ்பெக்டர் எடைபோடவே முடியாது. டி-க்கான வான்படம் தெளிவாகக் கிடைத்தால் ஏ-யை விடலாம், இல்லாவிட்டால் கட்டணத்தைக் காப்புறுதியாக நினைத்துக் கட்டுங்கள். இருவர் அப்பீல் போட்டாலும் ஒருவர் மட்டும் ஏ-யைச் சொன்னால் போதும்.

---

கூரைக்கணக்கு

எஃப்-க்கு வேண்டிய அளவை நான் சொல்றேன்.

அனுமதி இல்லாம தோட்டத்துல கட்டலாம்னு இருக்கற விதி, எல்லைக்கு 2 மீட்டருக்குள்ள எந்தப் பகுதி வந்தாலும் மொத்தக் கட்டடமும் 2.5 மீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு சொல்லுது. எல்லைப் பக்கம் மட்டும் இல்ல, முழுக் கட்டடமும். 40 செ.மீ.ல நிக்கறதால அதுதான் கணக்கு. எல்லையை விட்டு 2 மீட்டர் தள்ளியிருந்தா தட்டைக் கூரைக்கு 3 மீட்டர், இருபக்கச் சரிவுக் கூரைக்கு 4 மீட்டர் வரை போகலாம். 40 செ.மீ. மிஞ்சினா அந்த 40 மட்டும் சட்டவிரோதம் இல்ல, முழுக் கட்டடமுமே அனுமதி இல்லாததுதான். நிறைய பேர் இதைத் தலைகீழா புரிஞ்சுக்கறாங்க.

ஆனா 2.9ன்னு கவுன்சில் எங்கிருந்து அளந்தாங்கன்னு பாருங்க. கட்டடத்தை ஒட்டின இயற்கையான தரையில எந்த இடம் உயரமோ அங்கிருந்துதான் அளக்கணும். தோட்டம் சரிவா இருந்து தாழ்வான மூலைல டேப் பிடிச்சிருந்தா 15, 20 செ.மீ. கூட வந்திருக்கும். மண் கொட்டி உயர்த்தின தரை, கல் பதிச்ச முற்றம் (patio) சேராது. லேசர் லெவல் வச்சு நாலு மூலையும் அளந்து, ஸ்டாஃப் (அளவுக் கம்பு) தெரியற மாதிரி படம் எடுங்க.

நிஜமா உயரமான தரையிலிருந்து 2.72 வருதுன்னு வச்சுக்குங்க. புளொக் ஒரு வரிசை 215 மி.மீ., சாந்து 10 மி.மீ., ஆக 225. கூரையை எடுத்து ஒரு வரிசையை இறக்கினா 2.495. 5 மி.மீ. இடைவெளிங்கறது ஆபத்து, ஏன்னா ஓரத்துல வர்ற டிரிம், கல்நெஞ்சுக்காரன் அளந்தா அதையும் சேர்ப்பான். கூரைக் கட்டமைப்பை மெல்லிசா மாத்தினா இன்னும் 50 மி.மீ. கிடைக்கும். வரைபடத்துல 2.45ன்னு போடுங்க. உள்ளே தலை இடிக்காதான்னு பாத்துக்குங்க, 2.45ல தரையும் கூரையும் போக 2.1 பக்கம்தான் மிஞ்சும். களஞ்சியத்துக்குப் போதும்.

பில்டிங் ரெகுலேஷன் (கட்டுமானத் தரம், பாதுகாப்பு பத்தின விதிகள்) தனிக் கதை. 30 சதுர மீட்டருக்குள்ள, ஒரே தளம், எரியாத பொருள்ல கட்டி, யாரும் தூங்காம இருந்தா அதிலிருந்து விலக்கு உண்டு. ஆள் தூங்கற வரை விலக்கு இல்ல. பிளானிங்ல தப்பிச்சாலும் இதுல மாட்டலாம்.

குசினியை எடுக்கறதுன்னா அலமாரியைக் கழட்டறது மட்டும் இல்ல. குக்கருக்கான தனி மின் இணைப்பை போர்டிலேயே துண்டிக்கணும், சிங்க் குழாயையும் கழிவுக் குழாயையும் தரை மட்டத்துல மூடணும். முந்தி, பிந்தின்னு ரெண்டு படம் எடுத்து வச்சுக்குங்க.

---

சும்மா_இருந்தால்

இவ்வளவு பாடுபடணுமா? கவுன்சிலிடம் ஆளும் இல்லை காசும் இல்லை. பேசாமல் விட்டால் மறந்துபோவார்கள்.

---

மதில்மேல்பூனை

மறக்க மாட்டாங்கள், நோட்டீஸ் காணியோடை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒருக்கா நிறைவேத்திப்போட்டுத் திரும்பச் செய்தாலும் அதே நோட்டீஸ் உயிரோடை இருக்கும். கவுன்சில் பதிவேட்டிலை இருக்கிறதாலை வீடு விக்கேக்கை வாங்கிறவையின்ரை சொலிசிட்டர் முதல் நாளே கண்டுபிடிப்பார்.

அவகாசம் முடிஞ்சும் செய்யாட்டி 179ஆம் பிரிவிலை குற்றம், தண்டப்பணத்துக்கு உச்ச வரம்பு இல்லை. தீர்ப்புக்குப் பிறகு, அந்தக் காலத்திலை வந்த வாடகையைக் குற்றத்தாலை வந்த வருமானம் எண்டு பறிமுதல் செய்யச் சொல்லிக் கேக்கலாம். லண்டனிலை இதைச் செய்யிற கவுன்சில்கள் இருக்கு. அதிலை ஒரு பங்கு கவுன்சிலுக்கே திரும்ப வரும், அதாலை ஆளில்லாத கவுன்சிலுக்கும் இதுக்கு ஆள் வரும். கவுன்சிலே வந்து இடிச்சுப்போட்டுச் செலவைக் காணியிலை ஏத்தவும் அதிகாரம் இருக்கு.

---

மதிலுக்கு_இந்தப்பக்கம்

எல்லோருக்கும் நன்றி. மாமா ஒருவாறு இறங்கி வந்துவிட்டார். 2020 ஏப்ரலில் எடுத்த வான்படத்தில் கூரை தெளிவாகத் தெரிகிறது. உயரமான தரையில் இருந்து அளந்தால் 2.74 வருகிறது. இரண்டு கேள்வி. வாடகைக்கு இருக்கும் பெடியனிடம் வாங்கிய டிப்பொசிட்டை மாமா எந்தத் திட்டத்திலும் போடவில்லை, அதனால் பிரச்சினையா? மகன் அந்த 2022 மின்னஞ்சலைப் பற்றி அப்பீலில் எழுதவே வேண்டாம் என்கிறார், அது சரியா?

---

பழைய_பிளானர்

டிப்பொசிட் பிரச்சினைதான். பாதுகாப்புத் திட்டத்தில் போடாமல் கொடுத்த செக்ஷன் 21 நோட்டீஸ் (காரணம் சொல்லாமல் வெளியேறச் சொல்வது, இங்கிலாந்தில் 2026 ஏப்ரல் 30 வரை மட்டும் கொடுக்கக்கூடியது) செல்லாது. முதலில் முழுப் பணத்தையும் பெடியனிடம் திருப்பிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, பிறகு நோட்டீஸ் கொடுங்கள். இரண்டு மாதம், அவன் போகாவிட்டால் அதற்கு மேல் நீதிமன்றக் காலம். இந்தக் கணக்கை ஜி-யில் அப்படியே எழுதுங்கள், அவகாசம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. பூட்டை மாற்றி அவனை வெளியே விட்டால் அது குற்றம், பிளானிங் நோட்டீஸைக் காட்டித் தப்ப முடியாது.

மின்னஞ்சலை நீங்களே முதலில் சொல்லுங்கள். கவுன்சில் கோப்பில் அது இருக்கிறது, எப்படியும் இணைப்பாக வரும். குடியிருப்புக்குக் காலம் கடந்ததாக நீங்கள் வாதாடவில்லை, எனவே அது கட்டடத்தின் டி-யைத் தொடுவதில்லை. 2022இல் அதிகாரியே வந்து கட்டடத்தைப் பார்த்துவிட்டுப் போனார், யாரும் அதை ஒளிக்கவில்லை என்பதற்கு அதே மின்னஞ்சல் மாமாவுக்கே சாட்சி. அன்று கவுன்சில் அனுப்பியது வெறும் மின்னஞ்சல், சட்டப்படியான என்ஃபோர்ஸ்மென்ட் நடவடிக்கை அல்ல, அதனால் கடிகாரம் நின்றதாகவும் சொல்ல முடியாது. மகன் ஏன் அப்படி எழுதினார் என்று விளக்கம் கொடுக்கப் போக வேண்டாம், எழுதியது தவறு என்று ஒரு வரி போதும். அந்த வரியையும் ஜூன் படிவத்தின் பதிலையும் அனுப்புவதற்கு முன் ஒரு சொலிசிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

அப்பீல் பதிவாகி ஆரம்பத் திகதி குறித்த கடிதம் வந்ததும் அதிலிருந்து 6 கிழமைக்குள் முழு வாதத்தையும் இணைப்புகளையும் அனுப்ப வேண்டும். இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வரும் நாளில் மாமா தேத்தண்ணி கொடுக்கவும் வாதாடவும் போகாமல் கதவைத் திறந்துவிட்டு, கேட்டதை மட்டும் காட்டட்டும். அங்கே வாயால் சொல்லும் எதையும் அவர் சாட்சியாக எடுக்கமாட்டார்.